குடித்திருக்கிறார் என்று எழுதச் சொன்ன மனைவி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுமதி வந்தாள். எங்கள் தெருப் பெண். அவள் அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம். அவரை எழுப்ப மனமில்லாமல் என்னை எழுப்ப வந்துவிட்டாள். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிற பெண். மூன்று ஊர்களில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. எதை எடுப்பது என்று கேட்க வந்தவள், எந்த ஊரில் எத்தனை படுக்கை, எங்கே ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க முடியும், எங்கே பெரிய டாக்டர்கள் சிடுசிடுவென்று விழுவார்கள் என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

"நீங்க எப்படி சார் செலக்ட் பண்ணீங்க?" என்றாள்.

"சாராய வாடையை வெச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனுஷனுக்கே ஒரு டாக்டர் தேவைப்படுகிறதோ என்ற சந்தேகம் இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுப் போன பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஐம்பதுகளின் பின்பாதி. மருத்துவக் கல்லூரிப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரையும் போலத் தூக்கம் கெட்டுப் படித்தேன், எல்லோரையும் போலப் பாதியை மறந்தேன். முதல் வேலை ஓசூர் தாலுக்கா ஆஸ்பத்திரியில். அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்த சின்ன ஊர். இன்றைக்கு நிற்கிற ஒரு தொழிற்சாலையும் அன்று இல்லை. குளிர் மட்டும் இன்றைக்கிருப்பதைவிட இரண்டு மடங்கு இருந்தது. காலையில் வெளிநோயாளிகள் பகுதியில் உட்கார்ந்தால் தமிழில் ஒரு காய்ச்சல், தெலுங்கில் ஒரு வயிற்றுவலி, கன்னடத்தில் ஒரு தேள்கடி என்று வரிசை நிற்கும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருந்தது.

மதுவிலக்குக் காலம் அது. நம் பக்கம் ஒரு சொட்டு குடித்தாலும் குற்றம். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் மாநிலம், சட்டம் வேறு. நம் ஆட்கள் சாயங்காலம் எல்லை தாண்டிப் போய்விட்டு இருட்டுக்கு முன் திரும்பி வருவார்கள். வழியிலேயே போலீஸ் பிடிக்கும். பிடித்தவர்களை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். ஆள் குடித்திருக்கிறானா இல்லையா என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கோர்ட்டில் வழக்கு நிற்கும். காய்ச்சலையும் தேள்கடியையும் பார்த்து முடித்தபிறகு எங்களுக்கு இருந்த சாயங்கால வேலை இதுதான்.

பெரிய டாக்டர் சேஷகிரிக்கு இதில் ஒரு முறை உண்டு. அவர் அந்த முறையை விட்டு அங்குலம் நகரமாட்டார். வந்தவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்பார். குடிகாரனுக்கு இதுவே அதிர்ச்சியாக இருக்கும். ஸ்டூலில் உட்காரவைத்து முதலில் பேர், அப்பன் பேர், ஊர். இன்று என்ன கிழமை. இருபதிலிருந்து கீழே எண்ணச் சொல்வார். பிறகு வராந்தாவில் சிமெண்டுத் தரையில் ஓடுகிற சிவப்புக் கோட்டின் மேல் நடந்துபோய்த் திரும்பி வரவேண்டும். கண்ணை மூடி நிற்கவேண்டும். கருவிழியை டார்ச் அடித்துப் பார்ப்பார், நாடி பார்ப்பார். எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் வாய் வாடை.

"மூக்கை மொதல்ல நீட்டாதே" என்பார் என்னிடம். "மூக்கு ஒரு தீர்ப்பு சொல்லிட்டா, அப்புறம் கண்ணு எதையும் பாக்காது."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு மூக்கே கிடையாது. இருந்தது, வேலை செய்யாது. முப்பது வருஷம் பொடி போட்டவர். சாராயத்துக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் முகர்ந்து பார்க்கும் உத்தியோகம் கம்பவுண்டருடையது. நான் வேலைக்கு வந்ததும் அந்த உத்தியோகம் பதவி உயர்வாக எனக்கு வந்து சேர்ந்தது.

ஒரு சாயங்காலம் ஏட்டு ஒருவரைக் கொண்டுவந்தார். முப்பது வயதிருக்கும். நல்ல வேட்டி, தோளில் துண்டு, உழைத்த கை. பேர் முனிராஜு, பேரிகையில் சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர். பாகலூர் ரோட்டில் நடுச்சாலையில் நின்று யாருடனோ சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். எதிரே ஆளே இல்லையாம். "மூணாவது தடவை சார். முன்ன ரெண்டு தரம் அபராதம் கட்டிட்டுப் போனான். இந்தத் தடவை ஜெயில்தான்" என்றார் ஏட்டு. அந்த இரண்டு முறையும் பெரிய டாக்டரும் நானும் பிரசவ கேஸில் மாட்டிக்கொண்டிருந்தோம். கம்பவுண்டர் மூக்கை வைத்தே காகிதம் போயிருந்தது.

கூடவே ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் நின்றாள். அவர் மனைவி, ரத்னம்மா. இருபத்து நாலு, இருபத்தைந்து வயது. மூச்சு வாங்கியது.

பெரிய டாக்டர் முறையைத் தொடங்கினார். பேர் சொன்னார் முனிராஜு. கிழமை சொன்னார். இருபதிலிருந்து எண்ணச் சொன்னபோது பன்னிரண்டில் நின்று, தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். யாரையோ பார்த்துக் கையை அமர்த்தி, "இரு, டாக்டர்கிட்ட பேசிட்டிருக்கேன்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, பதினொன்று, பத்து என்று சரியாக முடித்தார். சிவப்புக் கோட்டில் ஏட்டே நடந்திருந்தால்கூட அவ்வளவு நேராக நடந்திருக்கமாட்டார். கருவிழி சரி. நாடி சரி. கடைசியில் நான் மூக்கைக் கொண்டுபோனேன். சட்டையிலும் துண்டிலும் சாராயம் தூக்கி அடித்தது. வாயைத் திறந்து ஊதச் சொன்னேன். வெற்றிலை வாசனை மட்டும் வந்தது.

நான் பெரிய டாக்டரைப் பார்ப்பதற்குள் வாசலிலிருந்து ரத்னம்மா பேசினாள்.

"குடிச்சிருக்காருங்க. நல்லாக் குடிச்சிருக்காரு. எழுதிக்கங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வேலையில் நான் எத்தனையோ மனைவிகளைப் பார்த்திருக்கிறேன். புருஷன் நிற்கமுடியாமல் தூணைக் கட்டிக்கொண்டிருப்பான். மனைவி, "எங்க வீட்டுக்காரர் காப்பிகூடக் குடிக்கமாட்டார்" என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவாள். நேராக நடந்து காட்டிய புருஷனைக் குடிகாரன் என்று எழுதச் சொன்னவளை அன்றுதான் பார்த்தேன்.

அவளைத் தனியாக மருந்து அறைக்கு அழைத்துப் போய், "ஏம்மா, அவர் குடிக்கலை. இது மூணாவது கேஸ், ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. தெரியுமா?" என்றேன்.

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா?"

அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். பாதி இருந்தது. "இதாங்க அவர் குடிச்ச சாராயம். வாய்க்குள்ள ஒரு சொட்டு போனதில்ல. அவருக்கு அது வரும்போது நான்தாங்க மேல ஊத்திவிடறது. அந்தப் பக்கம் கடையில வாங்கி வெச்சுக்குவேன்."

"எதுக்கும்மா?"

"என் நாத்தனாருக்கு மாப்ள பாத்திருக்குது. தை மாசம் கல்யாணம். குடிகாரன் தங்கச்சியக் கட்டிக்குவாங்க சாமி. பைத்தியக்காரன் தங்கச்சிய எவன் கட்டுவான்? எங்க பக்கம் குடிகாரன் வூட்ல பொண்ணு எடுப்பாங்க, குடுப்பாங்க. பைத்தியம்னு பேர் வந்த வூட்ல தண்ணிகூட வாங்கிக் குடிக்கமாட்டாங்க. நாளைக்கு என் மவளுக்கும் இதே கதிதான." குரல் உடையவில்லை. கணக்குப் போட்டு முடித்தவள் பேசுகிற மாதிரி பேசினாள். "ஜெயிலுக்குப் போனா ஆறு மாசமோ எட்டு மாசமோ, திரும்பி வந்துருவாருங்க. பைத்தியம்னு போனா, திரும்பி வந்தாலும் வந்ததா ஆகாது."

ஒரு விவசாயி வீட்டுப் பெண், மாட்டினால் தனக்கே சிறை என்று தெரிந்து, மடியில் சாராயத்தைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி வருகிறாள். குடிப்பதற்கும் இல்லை, விற்பதற்கும் இல்லை. புருஷனைக் குற்றவாளியாக்கிக் காப்பாற்றுவதற்கு! அவள்மேல் கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சீசாவை என்ன செய்வதென்றும் தெரியாமல் டிங்சர் பாட்டில்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். சட்டப்படி அந்த நிமிஷத்திலிருந்து நானும் குற்றவாளி.

வெளியே வந்து பெரிய டாக்டரிடம் ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து விரலிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "நீதானே மோந்து பார்த்தே. கையெழுத்து உன்னோடது. கண்ணுல பட்டதை எழுது" என்றார்.

உடுப்பில் சாராய வாடை உள்ளது, மூச்சில் இல்லை, நடை தெளிவு, மதுவின் பாதிப்பில் இல்லை என்று எழுதினேன். ரத்னம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "கெடுத்துட்டீங்களே சாமி" என்றாள்.

ஏட்டு காகிதத்தைப் படித்துவிட்டு, "குடிக்கலைன்னா நடுரோட்ல யாரோட சார் சண்டை போட்டான்? பைத்தியமா? அப்படின்னா அதுக்கு வேற ஃபாரம் சார். மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தி, போலீஸ் காவலோட மெட்ராஸுக்கு அனுப்பணும்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. பிடித்த ஆளை ஏதாவது ஒரு கட்டத்துக்குள் அடைத்தாக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சட்டமும் அப்படித்தான் இருந்தது. அலைந்து திரிகிற மனநோயாளியைப் போலீஸ்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும். கையில் விலங்கு மாட்டி ரயிலேற்றிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ரத்னம்மா என்னைப் பார்த்தாள். இதற்குத்தான் எழுதினாயா என்று கேட்கிற பார்வை.

பெரிய டாக்டர் பொடியை இழுத்து முடித்து, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்து, கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இவ்வளவும் ஆகும்வரை ஏட்டு காத்துக்கொண்டு நின்றார். "ஏட்டய்யா, இவருக்கு என்ன உடம்புன்னு எங்களுக்கே இன்னும் தெரியலை. தெரியாததுக்கு உங்ககிட்ட ஃபாரம் இருக்கா?"

"இல்லீங்க சார்."

"அப்ப வார்டுல கெடக்கட்டும். தெரிஞ்சா சொல்லி அனுப்பறோம்."

ஏட்டு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். பெரிய டாக்டர் என்னைப் பார்த்து, "எனக்கு இந்த வியாதியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கிற வயசும் தாண்டிப்போச்சு. நீ போய் உக்காந்து பேசிப் பாரு" என்றார். அன்றுவரை எனக்குக் கண் டாக்டராக வேண்டும் என்றுதான் ஆசை இருந்தது.

மறுநாள் காலை வார்டில் முனிராஜுவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னோடு தமிழில் பேசினார். யார் வந்து பேசுகிறார்கள் என்று கேட்டேன். மறைக்கவில்லை, கூச்சப்படவும் இல்லை.

"நாலு பேருங்க. ரெண்டு பேரு கன்னடம், ஒருத்தன் தெலுங்கு. இவங்க மூணு பேருந்தான் திட்டறது. தமிழ்ல பேசறவன் மட்டும் நல்லவன். மழை வருமா வராதான்னு சொல்வான்."

"அவன் சொன்ன மாதிரி வருமா?"

"எங்க வருது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்மேல சாராயம் ஊத்தறா சார். நான் குடிக்கிறவன் இல்ல. எங்கப்பா செத்தப்ப சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். ஊரெல்லாம் குடிகாரன்றாங்க. அதுதான் சார் எனக்குத் தாங்கல" என்றார். நாலு பேர் காதுக்குள் கத்துவதைவிட அந்தப் பேர்தான் அவரை அதிகம் வருத்தியது. ரத்னம்மா பக்கத்தில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டிருந்தால் இரண்டு பக்கமும் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

அந்த வியாதிக்கு அப்போதுதான் புதிதாக மாத்திரை வந்திருந்தது. ஆளை அடைத்துவைக்காமல் வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று பேச்சு அடிபட்டது. பெரிய டாக்டருக்குத் தெரிந்தவர் ஒருவர் பெங்களூரில் மனநோய் பார்க்கிறவராக இருந்தார். காட்டி வரலாம் என்றேன். ரத்னம்மா கேட்ட முதல் கேள்வி, குணமாகுமா என்பதில்லை. "அங்க போனா ஊருக்குத் தெரியுமா?" என்றாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள். "பெங்களூருன்னா பரவால்ல. எங்க ஊர்ல பாதிப்பேரு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றவங்கதான். எதுக்குப் போறேன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. மெட்ராஸ்னா, 'எதுக்கு, யாருக்கு, என்னா ஒடம்பு'ன்னு ஊரே வாசலுக்கு வந்துரும்." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா?

போனோம். அவள் ஒரு கூடை கத்தரிக்காயோடு பஸ் ஏறினாள். புருஷன் அவள் பக்கத்தில். என்னைப் பின்சீட்டில் போய் உட்காரச் சொல்லிவிட்டாள். டாக்டரோடு போவதை யாராவது பார்த்துவிட்டால்? பெங்களூரில் இறங்கியதும் முதலில் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காயை விற்றாள். விற்காமல் திரும்பினால் சந்தேகம் வருமாம். நானும் முனிராஜுவும் வெயிலில் நின்றோம். விற்று முடித்து, கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "இப்பப் போலாங்க" என்றாள்.

அங்கே இருந்த டாக்டர் தெலுங்கும் கன்னடமும் மாறி மாறிப் பேசினார். நாலு பேரையும் தனித்தனியாக விசாரித்தார், அவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பது போல. மாத்திரை கொடுத்தார், மாதம் ஒருமுறை வரச்சொன்னார். மூன்றாவது மாதம் கன்னடக்காரர்கள் இருவரும் போனார்கள். பிறகு தெலுங்குக்காரன். மழை சொல்கிறவன் கடைசியாகப் போனான். "அவன் மட்டும் இருந்திருக்கலாம் சார்" என்றார் முனிராஜு. மாத்திரையால் கை கொஞ்சம் நடுங்கியது, வாய் உலர்ந்தது, மற்றபடி ஏர் பிடித்தார். ரத்னம்மா மடியில் சீசா கட்டுவதை நிறுத்தினாள்.

இந்தப் போக்குவரத்தில்தான் எனக்கும் பித்துப் பிடித்தது. கண் டாக்டர் ஆசை போய், மனநோய் மருத்துவம்தான் படிப்பேன் என்று முடிவு செய்து, மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடத்திலும் கூப்பிட்டார்கள். மெட்ராஸ் என்றால் அரசாங்க உத்தியோகம் நிற்கும், சம்பளம் வரும், படிக்க வேண்டிய எல்லா வகை நோயாளிகளும் அங்கே இருந்தார்கள். அங்கே பாடம் நடத்தியவர் பேரைச் சொன்னாலே நாங்கள் எழுந்து நிற்போம். பெங்களூர் என்றால் வேற்று மாநிலம், சம்பளமில்லாத விடுப்பு, அப்போதுதான் தொடங்கியிருந்த படிப்பு. என் அப்பா, "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானா ஒருத்தன்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மெட்ராஸுக்குச் சம்மதம் எழுதினேன். பத்து நாளில் போய்ச் சேரவேண்டும். பெட்டிகூடக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது பேரிகையில் ஒரு மதுவிலக்குப் பிரசாரக் கூட்டம் போட்டார்கள். குடியினால் ஈரலுக்கு வரும் கேட்டைப் பற்றி டாக்டர் பேசவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பெரிய டாக்டர், "எனக்கு மைக்னா பயம், நீ போ" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

கோயில் முன்னால் பந்தல். நான் ஈரலைப் பற்றிப் பேசினேன், ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். அடுத்து ஊர் மணியக்காரர் எழுந்தார். "நம்ம ஊர்லயே ஒருத்தர், மூணு தரம் போலீஸ் பிடிச்சவரு, இன்னைக்குக் குடியை அறவே விட்டுட்டு முழு மனுஷனா நிக்கிறாரு. அவருக்கு இந்த ஊர் மரியாதை செய்யுது" என்று சொல்லி, "முனிராஜு, வாப்பா மேல" என்றார்.

முனிராஜு மேடை ஏறினார். சாமந்தி மாலை போட்டார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். பெண்கள் பக்கம் ரத்னம்மா எழுந்து நின்றாள். முன்வரிசையில் வெள்ளைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். நாத்தனாருக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பா. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"எப்படி விட்டேன்னு நாலு வார்த்தை சொல்லுப்பா" என்று மணியக்காரர் மைக்கை அவர் பக்கம் திருப்பினார்.

முனிராஜு மாலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் சொன்னார்.

"நான் குடிச்சதே இல்லீங்க."

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எங்கப்பாமேல சத்தியமா ஒரு நாளும் குடிச்சதில்ல. எனக்கு வந்தது வேற சீக்குங்க. காதுக்குள்ள ஆள் பேசுவாங்க. பெங்களூர்ல மாத்திர வாங்கித் தின்றேன். இப்பப் பேசறதில்ல."

ரத்னம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் எல்லை தாண்டி நடந்த நடையெல்லாம் அந்த இரண்டு மூச்சில் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எழுந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். என்ன சொல்வது? அவர் பொய் சொல்கிறார் என்றா?

பின்னாலிருந்து எவனோ ஒருவன் கத்தினான்: "எந்தக் குடிகாரன்தான்யா குடிச்சேன்னு ஒத்துக்குவான்!"

பந்தல் வெடித்தது. இன்னொருத்தன், "சரக்கு உள்ள போனா எனக்குக்கூடத்தான் காதுல ஆள் பேசுவாங்க" என்றான். மறுபடி சிரிப்பு. மணியக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முன்வரிசைப் பெரியவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "தமாஷான ஆளு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. ரத்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் சிரித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதில் சிரிப்பு எவ்வளவு, அழுகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, அதற்குப் பிறகு முப்பது வருஷம் இந்தத் தொழிலைச் செய்தும் என்னால் முடியவில்லை.

மேடையில் முனிராஜு மட்டும் சிரிக்காமல் நின்றார்.

கூட்டம் கலைந்த பிறகு என்னைப் பஸ்ஸேற்றிவிட இருவரும் வந்தார்கள். மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஏன் சார் சிரிச்சாங்க?" என்றார் முனிராஜு. "நான் நெஜத்தத்தான சொன்னேன்?"

"நல்லா சிரிக்கட்டும்" என்றாள் ரத்னம்மா. "கல்யாணம் முடியட்டும், அப்பறம் ஊரக் கூட்டி எத்தன வாட்டி வேணாலும் சொல்லு. நான் வேணாங்கல." சொல்லிவிட்டு முதல்முறையாக அவர் கையைப் பிடித்தாள். என் முன்னால், நடுத்தெருவில்.

"அப்பச் சொன்னா மட்டும் நம்புவாங்களா சார்?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

பஸ் வந்து நின்றது. நான் படியில் காலை வைத்தபோது அவர் கேட்டார். "நீங்க மெட்ராஸுக்குப் போறீங்களாமே. கம்பவுண்டர் சொன்னாரு."

வைத்த காலைக் கீழே எடுத்தேன்.

"நீங்களும் போயிட்டா, நான் குடிகாரன் இல்லேன்னு தெரிஞ்சவங்க இந்தப் பக்கத்துல இவளத் தவிர யார் சார் இருக்காங்க?"

கண்டக்டர் விசில் ஊதினார். "போகலை முனிராஜு, பெங்களூர்லதான் படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அவரிடம் அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது.